‘வேண்டும்’ என்பதை ஆங்கிலத்தில் சொல்வது எப்படி?

“நான் நாளைக்கு ஊருக்குப் போக வேண்டும்” என்று ஒருவர் சொல்கிறார். அம்மாவைப் பார்த்து நாளாயிற்று என்ற ஏக்கத்தில் சொல்கிறாரா, பத்திரப் பதிவுக்கு நேரில் வந்தே தீர வேண்டும் என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் கூறிவிட்டதால் சொல்கிறாரா, தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது முறையல்ல என்று எண்ணிச் சொல்கிறாரா, வருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு இப்போது தயங்கிச் சொல்கிறாரா என்பதை அந்த வாக்கியம் காட்டிக்கொடுப்பதில்லை. குரலையும் முகத்தையும் முன்பின் பேச்சையும் வைத்து நாமே புரிந்துகொள்கிறோம். ஆசை, தேவை, கட்டாயம், அறிவுரை, ஊகம் ஆகிய ஐந்தையும் ‘வேண்டும்’ என்ற ஒரே சொல்லின் மீது ஏற்றி வைத்திருக்கிறோம். அதுவும் சலிக்காமல் சுமக்கிறது.

ஆங்கிலத்தில் அந்தச் சுமை பல சொற்களுக்குப் பகிர்ந்து கொடுக்கப்பட்டிருக்கிறது. கட்டாயம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து அங்கே வினைத்தொடர் மாறும். ஆகவே வாக்கியத்தைத் தொடங்கும் முன் மனத்துக்குள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைச் செய்ய வைப்பது யார், அல்லது எது? சூழ்நிலையா, பேசுகிறவரின் அதிகாரமா, மனச்சாட்சியா, முன்கூட்டியே செய்த ஏற்பாடா, செய்யாவிட்டால் வரப்போகும் தொல்லையா? விடை தெரிந்துவிட்டால் பொருத்தமான தொடரைத் தேர்வது கடினமல்ல. ‘மஸ்ட்’ என்றால் கண்டிப்பாக, ‘ஷுட்’ என்றால் வேண்டும் என்று இரண்டு வரியில் மனப்பாடம் செய்துகொண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் சொல்லித்தராததால் பல ஆண்டுகள் என் ஆங்கிலக் கடிதங்கள் நான் நினைத்ததைவிட அதிகாரமாகவோ குழைவாகவோதான் போய்ச் சேர்ந்தன.

ஆசையைப் பிரித்து வையுங்கள்

முதலில் களைய வேண்டிய பிழை ‘வான்ட் டு’. பேச்சுத்தமிழில் ‘போகணும்’ என்பது விருப்பத்துக்கும் கட்டாயத்துக்கும் பொதுவாக இருப்பதால், “ஐ வான்ட் டு கோ டு த பேங்க்” என்று நம் வாயில் இயல்பாக வந்துவிடுகிறது. அதைக் கேட்கும் ஆங்கிலேயர், வங்கிக்குப் போவது உங்களுக்கு ஓர் ஆசை என்று எடுத்துக்கொள்வார். பணி நேரத்தில் மேலாளரிடம் “ஐ வான்ட் டு லீவ் அட் ஃபோர்” என்றால், நான்கு மணிக்குக் கிளம்பிவிட உங்களுக்கு மனம் இருக்கிறது என்றுதான் பொருள். “ஐ ஹேவ் டு லீவ் அட் ஃபோர்” என்றால் உங்கள் கையை மீறிய ஏதோ ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள். முன்னதற்கு அனுமதி கிடைப்பது அவர் மனநிலையைப் பொறுத்தது. பின்னதற்குப் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் தமிழ் வாக்கியத்தில் ‘வேண்டும்’ என்ற இடத்தில் ‘ஆசைப்படுகிறேன்’ என்று வைத்துப் பாருங்கள். “நான் அறுவை சிகிச்சை செய்துகொள்ள ஆசைப்படுகிறேன்” என்பது சிரிப்பை வரவழைத்தால், ‘வான்ட்’ அங்கே நுழையக் கூடாது.

சூழ்நிலையின் கட்டாயம்: ‘ஹேவ் டு’

அன்றாடப் பேச்சுக்கு ஒரே ஒரு தொடரைத்தான் கற்றுக்கொள்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், இதைக் கற்றுக்கொள்ளச் சொல்வேன். பேசுகிறவருடைய விருப்பமோ அதிகாரமோ சம்பந்தப்படாமல், வெளியிலிருக்கும் ஒரு நிலைமை ஒருவரைச் செய்ய வைக்கிறது என்பதே இதன் அடிப்படைப் பொருள். “ஐ ஹேவ் டு கெட் அப் அட் ஃபைவ்”: ஐந்து மணிக்கு எழுந்தால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். “ஷி ஹேஸ் டு டேக் திஸ் டேப்லெட் ட்வைஸ் எ டே”: மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

தமிழில் இதற்கு மிக நெருங்கிய உறவு ‘வேண்டியிருக்கிறது’ என்ற வடிவம். இந்த ஒப்புமையைப் பிடித்துக்கொண்டால் காலங்கள் எல்லாம் வரிசையாக அமைந்துவிடும். ‘போக வேண்டியிருக்கிறது’ என்பதற்கு ‘ஹேவ் டு கோ’, ‘போக வேண்டியிருந்தது’ என்பதற்கு ‘ஹேட் டு கோ’, ‘போக வேண்டியிருக்கும்’ என்பதற்கு ‘வில் ஹேவ் டு கோ’, ‘போக வேண்டியிருக்கலாம்’ என்பதற்கு ‘மைட் ஹேவ் டு கோ’. நினைக்காத ஒன்று தலையில் விழுந்ததைச் சொல்லும் ‘போக வேண்டி வந்தது’ என்பதற்குக் கூட ‘எண்டட் அப் ஹேவிங் டு கோ’ என்ற இணை இருக்கிறது. எல்லாக் காலங்களிலும் வளைந்து கொடுப்பதுதான் இந்தத் தொடரின் பலம். ‘மஸ்ட்’ என்பதற்கு அந்த வளைவு கிடையாது. ‘வில் மஸ்ட்’ என்றோ ‘மே மஸ்ட்’ என்றோ ஆங்கிலத்தில் சொல்ல முடியாது.

உச்சரிப்பில் கவனிக்க ஒன்று உண்டு. எழுத்தில் ‘ஹேவ்’ என்று இருந்தாலும், பேச்சில் அதன் இறுதி ஒலி ‘ஃப்’ ஆகிவிடுகிறது; ‘ஹேஃப்டு’ என்று ஒரே சொல்லாகவே காதில் விழும். ‘ஹேஸ் டு’ என்பதும் பாம்பு சீறுவது போன்ற கூர்மையான ‘ஸ்’ ஒலியோடு ‘ஹேஸ்டு’ என்று சேர்ந்துகொள்ளும். எழுத்தைப் பார்த்து இரண்டாகப் பிரித்துச் சொன்னாலும் புரியும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் வேகமாகச் சொல்லும்போது நமக்குப் புரிய இது தெரிந்திருக்க வேண்டும்.

இதன் சூடான வடிவம் ‘ஹேவ் காட் டு’. “ஐவ் காட் டு கோ” என்பது ‘நான் கிளம்பியாக வேண்டும்’ என்பதற்கு இணையான அவசரம் கொண்டது. இதுவே மேலும் தேய்ந்து ‘காட்டா’ ஆகிறது. பேச்சிலும் நண்பர்களுக்கான குறுஞ்செய்தியிலும் இதற்குத் தடையில்லை; விண்ணப்பத்திலும் அலுவல் கடிதத்திலும் எழுதிவிடாதீர்கள். இறந்த காலத்தில் இது பயன்படாது. அங்கே மறுபடியும் ‘ஹேட் டு’தான்.

அதிகாரத்தின் கட்டாயம்: ‘மஸ்ட்’

‘மஸ்ட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு அதிகாரம் நிற்கிறது. பேசும்போது அந்த அதிகாரம் பேசுகிறவருடையது. அறிவிப்புப் பலகையிலும் சட்டத்திலும் அது அந்த நிறுவனத்துடையது. தாய் மகனிடம், “யூ மஸ்ட் ஃபினிஷ் யுவர் ஹோம்வொர்க்” என்றால், அவள் வைத்ததே சட்டம். அதே தாய் “யூ ஹேவ் டு ஃபினிஷ் யுவர் ஹோம்வொர்க்” என்றால், ஆசிரியர் கேட்பார், நான் என்ன செய்யட்டும் என்று பழியைச் சற்று வெளியே தள்ளிவிடுகிறாள். இந்த எல்லையை எல்லோரும் எப்போதும் கறாராகக் காப்பதில்லை என்றாலும், சந்தேகம் வரும்போது வழிகாட்ட இது போதும்.

எழுத்தில் இச்சொல்லின் எடையை அறிய இரண்டு ஆவணங்கள் உதவும். பிரிட்டனில் 1931 முதல் வெளிவரும் சாலை விதிக் கையேடான ‘ஹைவே கோட்’ நூலில் ‘மஸ்ட்’ அல்லது ‘மஸ்ட் நாட்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால், அது சட்டத்தின் கட்டளை, மீறுவது குற்றம். ‘ஷுட்’ என்று இருந்தால் அது அறிவுரை. மீறியதற்காக மட்டும் வழக்குத் தொடர மாட்டார்கள், ஆனால் விபத்து நேர்ந்து வழக்கு வந்தால் நீதிமன்றத்தில் அதை எடுத்துக்காட்டலாம். மற்றொன்று மென்பொருள் துறையினர் அறிந்த ‘ஆர்எஃப்சி 2119’. இணையத் தொழில்நுட்ப வரையறைகளில் இச்சொற்களை எப்படிப் பொருள்கொள்ள வேண்டும் என்பதற்கென்றே 1997 மார்ச்சில் வெளியிடப்பட்டது அது. அதன்படி ‘மஸ்ட்’ என்பது விலக்கே இல்லாத தேவை. ‘ஷுட்’ என்பது, தக்க காரணம் இருந்து, விளைவுகளை முழுமையாக எண்ணிப் பார்த்த பிறகு மட்டுமே விட்டுவிடக்கூடியது. ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று பொறியாளர்கள் கூடி உட்கார்ந்து எழுதி வைக்கும் அளவுக்கு இந்த வேறுபாடு அங்கே முக்கியமாக இருக்கிறது. நம் ஊரில் இரண்டையும் சேர்த்து ‘மஸ்ட் அண்ட் ஷுட்’ என்று ஓங்கிச் சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அதை இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால், ‘இது கட்டளை, அதோடு அறிவுரையும் கூட’ என்று சொல்வது போலாகிறது. நமக்குள் பேசும்போது அது இனிமையாகத்தான் இருக்கிறது. வெளியூர்க்காரருக்கு எழுதும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றாட ஆங்கிலப் பேச்சில் இந்த ‘மஸ்ட்’ மெல்ல மெல்லத் தேய்ந்து வருகிறது. 1961இல் அச்சான ஆங்கில எழுத்துகளின் தொகுப்புகளையும் 1990களின் தொடக்கத்தில் அச்சானவற்றையும் மொழியியலாளர்கள் ஒப்பிட்டபோது, ‘மஸ்ட்’ குறிப்பிடத்தக்க அளவில் குறைந்திருந்தது. ‘நீட் டு’ வேகமாக வளர்ந்திருந்தது. ஒருவருக்கு மேல் ஒருவர் நின்று கட்டளையிடுவது போன்ற தொனியை இன்றைய பேச்சு தவிர்க்கப் பார்க்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்று. எனவே சக ஊழியரிடம் “யூ மஸ்ட் சென்ட் த ரிப்போர்ட் டுடே” என்று எழுதினால், இலக்கணம் சரியாக இருந்தாலும் அவர் முகம் சற்றுச் சுருங்கும்.

ஆனால் ஓர் இடத்தில் இதே சொல் மிக இனிப்பானது. ‘அவசியம் வீட்டுக்கு வர வேண்டும்’ என்று நாம் வற்புறுத்துவதில் அதிகாரம் இல்லை, பாசம் இருக்கிறது அல்லவா? “யூ மஸ்ட் கம் அண்ட் ஸ்டே வித் அஸ்”, “யூ மஸ்ட் ட்ரை திஸ்” என்ற வாக்கியங்கள் அப்படிப்பட்டவை. விருந்தோம்பலில் ‘ஷுட்’ சொன்னால்தான் அது ஒப்புக்கு அழைத்தது போல இருக்கும்.

தேவையின் கட்டாயம்: ‘நீட் டு’

ஒரு நோக்கம் நிறைவேற இது இன்றியமையாதது என்ற பொருளில் இத்தொடர் வரும். “ஐ நீட் டு ஸ்லீப்” என்பதில் கட்டாயம் உடலுக்குள்ளிருந்து வருகிறது. “யூ நீட் டு சைன் ஹியர்” என்பதில், கையெழுத்திட்டால்தான் படிவம் செல்லும் என்ற விவரம் இருக்கிறது. அதனால்தான் வங்கிகளிலும் வரவேற்பு மேசைகளிலும் இது அதிகம் கேட்கிறது. கட்டளையை விவரம் போல மாற்றிக் காட்டும் தந்திரம் இதில் இருப்பதால், நயமாகத் தோன்றினாலும் மேலதிகாரியை நோக்கி “யூ நீட் டு...” என்று தொடங்குவது அவருடைய தேவை என்னவென்று அவருக்கே பாடம் எடுப்பது போலாகிவிடும். ‘உங்களிடமிருந்து எங்களுக்கு இது தேவைப்படுகிறது’ என்று தேவையை நம் பக்கம் திருப்பி, “வி நீட் யுவர் அப்ரூவல் பை ஃப்ரைடே” என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

மனச்சாட்சியின் கட்டாயம்: ‘ஷுட்’, ‘ஆட் டு’

செய்வது நல்லது, செய்வதே முறை, செய்யாவிட்டாலும் யாரும் தண்டிக்கப் போவதில்லை என்ற இடம் இவற்றுக்குரியது. “ஐ ஷுட் கால் மை மதர்” என்கிறவர் அழைக்கவும் செய்யலாம், அழைக்காமல் இருந்துவிட்டு மனம் உறுத்தவும் செய்யலாம். “ஐ ஹேவ் டு கால் மை மதர்” என்கிறவர் அழைத்துவிடுவார். இரண்டுக்குமான தூரம் அவ்வளவுதான்.

‘ஆட் டு’ என்பது ஏறக்குறைய அதே பொருள் கொண்டது. சற்றுப் பழமையும் நீதியுணர்வும் கலந்தது. இதைப் பேசித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கேட்டால் புரிந்தால் போதும். ஆனால் அதன் பிறப்பு சுவையானது. ‘கடன்பட்டிருத்தல்’ என்று பொருள்படும் ‘ஓ’ என்ற ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவமே இந்த ‘ஆட்’. ‘ஷுட்’ என்பதற்கு மூலமான பழைய ஆங்கிலச் சொல்லும் கடன்படுதல் என்ற பொருளைக் கொண்டிருந்ததுதான். காலைக்கடன், நேர்த்திக்கடன், பிதுர்க்கடன் என்றெல்லாம் சொல்லும் நமக்கு, கடமையும் கடனும் ஒன்றாக இருப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

‘ஷுட்’ மென்மையானது என்று நம்பி அதை எல்லா இடத்திலும் நீட்டுவது ஆபத்து. தமிழ் விண்ணப்பத்தில் “தாங்கள் எனக்கு இரண்டு நாள் விடுப்பு அளிக்க வேண்டும்” என்பது பணிவான வேண்டுகோள். அதை அப்படியே “யூ ஷுட் கிராண்ட் மி டூ டேஸ் லீவ்” என்று எழுதினால், விடுப்புக் கொடுப்பதுதான் முறை என்று அவருக்கே அறிவுரை சொன்னதாகிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இப்படி ஒன்று எழுதி, அது சிவப்பு மையில் அடிக்கோடிடப்பட்டுத் திரும்பி வந்தது. விடுப்பு மட்டும் வரவில்லை. வேண்டுகோளில் வரும் ‘வேண்டும்’ கட்டாயமே அல்ல, அதற்கு “குட் யூ ப்ளீஸ்...”, “ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட்...” என்று வேறு வாசல் வழியாகப் போக வேண்டும்.

ஏற்பாட்டின் கட்டாயம்: ‘சப்போஸ்டு டு’

நம்மவர்கள் அதிகம் தவறாகப் பயன்படுத்துவதும், சரியாகப் பயன்படுத்தினால் மிகுந்த பலன் தருவதும் இதுதான். ‘பி சப்போஸ்டு டு’ என்பதை ‘மஸ்ட்’ என்பதன் கௌரவமான மாற்று என்று எண்ணி, “ஆல் ஸ்டூடன்ட்ஸ் ஆர் சப்போஸ்டு டு பே த ஃபீஸ்” என்று சுற்றறிக்கையில் எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலக் காதுக்கு அதில், ‘கட்ட வேண்டும் என்றுதான் விதி, யார் கட்டுகிறார்கள்?’ என்ற ஒரு பெருமூச்சும் சேர்ந்து கேட்கும். ஏனெனில் இத்தொடர் சொல்வது கட்டாயத்தை மட்டுமல்ல. விதியோ வழக்கமோ ஒப்பந்தமோ இப்படி எதிர்பார்க்கிறது, நடைமுறை வேறாக இருக்கலாம் என்ற இடைவெளியையும் சேர்த்துச் சொல்கிறது.

இதற்குத் தமிழில் அழகான இணை இருக்கிறது: ‘வேண்டிய’ என்ற பெயரெச்சம். ‘பத்து மணிக்கு வர வேண்டிய ரயில்’ என்று நாம் சொல்லும்போதே அது வரவில்லை என்பது புரிந்துவிடுகிறது. “த ட்ரெயின் வாஸ் சப்போஸ்டு டு அரைவ் அட் டென்” என்பது அதே ரயில்தான். “ஐ ஆம் சப்போஸ்டு டு பி ஆன் லீவ் டுடே” என்று அலுவலக மேசையில் இருந்துகொண்டே ஒருவர் சொன்னால், ‘நான் இன்று விடுப்பில் இருக்க வேண்டியவன்’ என்ற அலுப்பு அதில் இருக்கிறது. இந்த ‘வேண்டியவன்’, ‘வேண்டியது’, ‘வேண்டிய’ என்ற வடிவங்கள் தமிழில் நாவில் வரும் இடமெல்லாம் ‘சப்போஸ்டு டு’ பொருந்துகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் பொருந்தும்.

எதிர்மறையில் இது நயமான தடையாகிறது. “யூ ஆர் நாட் சப்போஸ்டு டு பார்க் ஹியர்” என்றால், ‘இங்கே வண்டியை நிறுத்தக் கூடாதுங்களே’ என்று கூறுவது போல. தடுப்பவர் தான் இல்லை, விதிதான் என்று ஒதுங்கி நின்று சொல்லும் தொனி. புதிய அலுவலகத்திலோ புதிய நாட்டிலோ விதி தெரியாமல் விழிக்கும்போது, “வாட் ஆம் ஐ சப்போஸ்டு டு டூ?” என்று கேட்கலாம், ஆனால் சலிப்போடு கேட்டால் ‘நான் என்னதான் செய்ய?’ என்று பொருள் மாறிவிடும் என்பதால் குரலைத் தாழ்த்திக் கேளுங்கள். எழுதும்போது ‘சப்போஸ்’ என்பதோடு நிறுத்திவிடாமல் இறுதியில் ‘டி’ எழுத்தைச் சேர்க்க மறக்காதீர்கள்; பேச்சில் அது கரைந்துபோவதால் எழுத்திலும் விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

இடையில் ஒரு சொல். “திஸ் ஹோட்டல் இஸ் சப்போஸ்டு டு பி குட்” என்றால் கடமை எதுவும் இல்லை. ‘இந்த ஓட்டல் நன்றாக இருக்குமாம்’ என்று நாம் ‘ஆம்’ ஒட்டிச் சொல்வதுதான்.

தொல்லையின் கட்டாயம்: ‘ஹேட் பெட்டர்’

‘பெட்டர்’ என்ற சொல்லைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. ‘செய்வது நல்லது’ என்று மொழிபெயர்த்துக்கொண்டு, மரியாதைக்குரியவரிடம் “சார், யூ ஹேட் பெட்டர் சைன் திஸ்” என்று சொன்னால், கையெழுத்துப் போடாவிட்டால் பார்த்துக்கொள்கிறேன் என்பது போல ஒலிக்கும். செய்யாவிட்டால் விளைவு உண்டு என்பதே இத்தொடரின் உயிர். கோபத்தில் ஒருவர் ‘மரியாதையாகப் பணத்தைக் கொடுத்துவிடு’ என்று சொல்லும்போது அந்த ‘மரியாதை’ எப்படிப்பட்டதோ, அப்படிப்பட்டதே இந்த ‘பெட்டர்’.

தனக்கும் நெருங்கியவர்களுக்கும் சொல்லும்போது அச்சுறுத்தல் வடிந்து முன்னெச்சரிக்கை மட்டும் நிற்கும்: “வி ஹேட் பெட்டர் ஹரி”, விரைந்து போகாவிட்டால் கடைசிப் பேருந்து போய்விடும். இதில் ‘ஹேட்’ இருந்தாலும் பேசுவது இறந்த காலத்தை அல்ல. இதன் பின்னால் ‘டு’ வராது. எதிர்மறை ‘ஹேட் பெட்டர் நாட்’. பேச்சில் ‘யூட் பெட்டர்’ என்று சுருங்கி, பல வேளைகளில் ‘யூ பெட்டர்’ என்று மட்டுமே கேட்கும்.

சட்டத்தின் மொழியில் வரும் ‘ஷால்’ பற்றி ஒரு வரி போதும். இந்திய அரசமைப்பில் 1976ஆம் ஆண்டின் 42ஆம் திருத்தத்தால் சேர்ந்த 51ஏ உறுப்பு, குடிமக்களின் அடிப்படைக் கடமைகளை “இட் ஷால் பி த ட்யூட்டி” என்றுதான் தொடங்குகிறது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்போ ‘ஷால்’ என்பதைக் கைவிட்டு ‘மஸ்ட்’ என்று எழுதிக்கொண்டது. பேச்சுக்கு இது வேண்டாம்.

‘வேண்டாம்’ என்ற சொல்லில் இருக்கும் குழி

எதிர்மறைதான் உண்மையில் விபத்துகள் நடக்கும் இடம். ‘நீங்கள் நாளைக்கு வர வேண்டாம்’ என்றால், வரக் கூடாது என்பதா, வர அவசியமில்லை என்பதா? இரண்டும்தான். ஆங்கிலத்தில் இவை நேரெதிர்த் திசைகளில் நிற்கின்றன. ‘மஸ்ட் நாட்’ என்றால் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ அல்லது ‘டோன்ட் நீட் டு’ என்றால் அவசியமில்லை, விரும்பினால் செய்யலாம். உடன்பாட்டில் ‘மஸ்ட்’ என்பதும் ‘ஹேவ் டு’ என்பதும் அண்ணன் தம்பி போல இருந்துவிட்டு, எதிர்மறையில் பங்காளிச் சண்டை போட்டுக்கொள்கின்றன.

இரத்தப் பரிசோதனைக்கு வருகிறவரிடம் செவிலியர் பேசுவதாக எண்ணிப் பாருங்கள். “யூ மஸ்ட் நாட் ஈட் பிஃபோர் த டெஸ்ட்” என்றால் வெறும் வயிற்றில் வர வேண்டும். “யூ டோன்ட் ஹேவ் டு ஃபாஸ்ட் பிஃபோர் த டெஸ்ட்” என்றால் சாப்பிட்டுவிட்டும் வரலாம். இதைக் குழப்பி “யூ டோன்ட் ஹேவ் டு ஈட்” என்று சொல்லிவிட்டால், நோயாளி விருப்பம் போல இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார். அவர்மீது குற்றமும் சொல்ல முடியாது. வெளிநாட்டுக்கு வேலைக்குச் செல்லும் செவிலியர்கள் இந்த ஒரு பத்தியை மட்டுமாவது இரண்டு முறை படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

ஆகவே ஒழுங்கு இது: தமிழில் ‘வேண்டாம்’ என்று மனத்தில் தோன்றியவுடன், அதை முதலில் ‘கூடாது’ என்றோ ‘தேவையில்லை’ என்றோ தமிழிலேயே மாற்றிக்கொள்ளுங்கள், அதன் பிறகு ஆங்கிலத்துக்குப் போங்கள். ‘கூடாது’ என்பதைச் சற்று மென்மையாகச் சொல்ல வேண்டுமானால் ‘ஷுடன்ட்’ அல்லது ‘கான்ட்’ பேச்சில் போதும். ‘மஸ்ட் நாட்’ சுருங்கும்போது நடுவிலுள்ள ‘ட்’ ஒலி மறைந்து ‘மஸன்ட்’ ஆகிறது.

நடந்ததும் நடக்காததும்

இறந்த காலத்தில் தமிழ் வைத்திருக்கும் பொறி ‘போயிருக்க வேண்டும்’. ‘அவர் நேற்றே போயிருக்க வேண்டும்’ என்றால், போயிருப்பார் என்று ஊகிக்கிறோமா, போகாமல் இருந்துவிட்டாரே என்று குறைப்படுகிறோமா? ஆங்கிலத்தில் ஊகத்துக்கு “ஹி மஸ்ட் ஹேவ் கான் யெஸ்டர்டே”; குறைக்கு “ஹி ஷுட் ஹேவ் கான் யெஸ்டர்டே”. முன்னதில் அவர் போய்விட்டார். பின்னதில் இன்னும் இங்கேதான் இருக்கிறார். கட்டாயத்தைச் சொல்ல எண்ணி ‘மஸ்ட் ஹேவ்’ என்று எழுதினால் அது ஊகமாகவே படிக்கப்படும்.

கட்டாயத்தால் செய்து முடித்த காரியத்துக்கு ‘ஹேட் டு’ ஒன்றே வழி. “ஐ ஹேட் டு பே எ ஃபைன்”: அபராதம் கட்டியாயிற்று. “ஐ வாஸ் சப்போஸ்டு டு பே எ ஃபைன்”: கட்ட வேண்டியது, ஆனால் எப்படியோ தப்பித்திருக்கலாம். “ஐ ஷுட் ஹேவ் பெய்ட் த ஃபைன்”: கட்டவில்லை, இப்போது வருந்துகிறார். ஒரே அபராதச் சீட்டின் மூன்று கதைகள் இவை. தேவையில்லாமல் செய்துவிட்ட செயலுக்கு “யூ நீடன்ட் ஹேவ் கம்” என்ற பிரிட்டிஷ் வழக்கு இருக்கிறது: வந்துவிட்டீர்கள், வந்திருக்கத் தேவையில்லை. “யூ டிடன்ட் ஹேவ் டு கம்” என்பதை அந்த இடத்திலும் வைக்கலாம், வராதபோதும் வைக்கலாம்.

கேள்வியில் ஒரே ஒரு எச்சரிக்கை. “டூ ஐ ஹேவ் டு வெய்ட்?” என்று ‘டூ’ என்ற துணைவினையோடு தொடங்குங்கள், “ஹேவ் ஐ டு வெய்ட்?” என்பது இன்றைய பேச்சில் வழக்கொழிந்தது. “மஸ்ட் ஐ?” என்றால் சிணுங்கல், “ஷுட் ஐ?” என்றால் ஆலோசனை கேட்பது.

பழகுவதற்கு நான் பரிந்துரைப்பது பட்டியலை மனப்பாடம் செய்வதை அல்ல. ஒரு நாள் முழுவதும் உங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் காதில் விழும் ‘வேண்டும்’, ‘ணும்’, ‘வேண்டாம்’ ஆகியவற்றில் பத்தை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, செய்ய வைப்பது யார் அல்லது எது என்று தமிழிலேயே குறியுங்கள். ‘மின்கட்டணம் இன்றைக்குள் கட்டணும்’ என்பதற்கு எதிரே ‘கெடு’ என்று வந்தால் ‘ஹேவ் டு’. ‘பெரியப்பாவைப் போய்ப் பார்க்கணும்’ என்பதற்கு எதிரே ‘மனம் உறுத்துகிறது’ என்று வந்தால் ‘ஷுட்’. ‘இந்நேரம் கேஸ் சிலிண்டர் வந்திருக்கணும்’ என்பதற்கு எதிரே ‘சொன்ன தேதி’ என்று வந்தால் ‘வாஸ் சப்போஸ்டு டு’. ‘மழை வரும் போலிருக்கு, துணியை எடுத்துடணும்’ என்பதற்கு எதிரே ‘நனைந்துவிடும்’ என்று வந்தால் ‘ஹேட் பெட்டர்’. ‘நீ ஒன்றும் சமைக்க வேண்டாம்’ என்ற வரி தாளில் இருந்தால், அது அக்கறையில் சொன்னதா கோபத்தில் சொன்னதா என்பதை, ஆங்கிலத்துக்குப் போகும் முன் சொன்னவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.